முகம் தெளிவாக, பின்னணி மங்கலாக

உங்கள் வீட்டுப் பீரோவில் துணிமணிகளுக்கு அடியில் கிடக்கும் பழைய ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள், வாசகர்களே! மனிதரைவிடச் சுவர்க் காலண்டர் தெளிவாக விழுந்திருக்கும் படங்கள் எத்தனை? என்னிடமும் அப்படியொரு படம் உண்டு. மறைந்த என் வாப்பா திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் கம்பிகளை ஒன்று விடாமல் எண்ணிவிடலாம். வாப்பாவின் கண்கள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. அவருடைய கடைசிப் படம் அது. எடுத்தவன் நான்.

போகஸ் பிசகிய படத்தைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய இயலாது. ஆனால் அந்த மங்கலையே வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வரவழைத்தால் அது கலையாகிவிடுகிறது. முகத்தைத் தெளியவைத்து, மற்றவற்றை மங்கவிடும் முறையைத்தான் சொல்கிறேன்.

லென்ஸ் ஏதேனும் ஒரு தூரத்தில் இருப்பதை மட்டுமே முழுத் தெளிவுடன் பதிக்கும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பவை நம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். அந்த எல்லை எவ்வளவு என்பது லென்ஸின் துவாரம், அதன் குவியத் தூரம், ஆள் நிற்கும் தூரம் ஆகியவற்றைப் பொறுத்தது. துவாரத்தின் எண் சிறிதானால் துவாரம் பெரிது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 35 மி.மீ. ஃபிலிம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, துவாரத்தை 1.8-இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால் தெளிவின் எல்லை ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. கண் தெளிந்திருக்க, காது மங்கத் தொடங்கிவிடும். 8-இல் வைத்தாலோ 40 செ.மீ.க்கும் அதிகம். நீங்கள் மூன்று மீட்டருக்குப் பின்வாங்கினால், 1.8-இலேயே எல்லை நான்கு மடங்காகிவிடுகிறது.

ஆகவே அருகில் செல்லுங்கள். உட்கார்ந்திருப்பவரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் வரச் சொல்லுங்கள். காசு செலவில்லாத உபாயம் இது. ஆனால் நம் வீடுகளில் படம் என்றதும் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறார்களே! போகஸைக் கண்ணில் வையுங்கள். முகம் திரும்பியிருந்தால் காமிராவுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். வைத்தபின் மூச்சுவிடும் அசைவில் உடல் முன்னே சாய்ந்தாலும் கண் மங்கிவிடும்.

இந்த மங்கலுக்காக ஏச்சு வாங்கியவர் ஒருவர் உண்டு. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிதான் அவர். 1863-இல், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். அழகாகத் தோன்றிய இடத்திலேயே லென்ஸைத் திருப்புவதை நிறுத்திவிடுவார். மேலும் திருப்பிக் கூர்மை தேடமாட்டார். போகஸ் செய்யத் தெரியாதவர் என்று அக்காலப் புகைப்பட விமர்சகர்கள் எள்ளினார்கள். 1867-இல் அவர் எடுத்த, வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள்: இருளிலிருந்து கண்களும் நரைத்த தலைமுடியுமே நம்மை நோக்கி வருகின்றன. பின்னர் இலங்கையில் குடியேறிய அவர் 1879-இல் அங்கேயே காலமானார்.

இப்போது கைபேசியிலேயே ‘போர்ட்ரெய்ட்’ முறை இருக்கிறதே என்பீர்கள். கைபேசியின் லென்ஸ் மிகச் சிறியது. இயல்பாக அது பெரும்பாலும் எல்லாவற்றையும் தெளிவாகவே காட்டும். ஆளையும் பின்னணியையும் கணக்கிட்டுப் பிரித்து, மங்கலை அது தானே பூசுகிறது. கணக்குப் பிசகும்போது மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் முக்காட்டின் ஓரமும் கரைந்துபோகும். எடுத்தவுடன் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாப் படத்திற்கும் இது பொருந்தாது. தையல் மிஷினில் அமர்ந்திருக்கும் ராத்தாவைப் படமெடுத்து மிஷினை மங்கவிட்டால் அது யார் படமோ ஆகிவிடும். அங்கே துவாரத்தைச் சுருக்குங்கள்.

சென்ற ஆண்டு உம்மாவை முற்றத்தின் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்தேன். பழைய 50 மி.மீ. லென்ஸ், துவாரம் 2.8. கண்ணோரச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. உம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பின்னால் இருந்த அலமாரி எங்கே, மகனே?”