பன்றியும் மயக்க மருந்தும்

மெல்பேண் நகரில் காலெலும்பு முறிந்த இளைஞர் ஒருவர், முறிவைவிட மயக்க மருந்துக்கே பெரிதும் அஞ்சினார். அவருடைய உறவினர் பதின்மர் மயக்க மருந்தினால் மாண்டிருந்தனர். மருந்தை விரைந்து நிறுத்திக் குளிரூட்டியமையால் அவர் பிழைத்தார். 1960இல் மருத்துவ உலகு இச்செய்தியை அறிந்தது.

இந்நோயின் மருமத்தைத் துலக்க உதவியவை பன்றிகளே. லான்ட்ரேஸ், பியேத்திரேன் முதலிய இனப் பன்றிகளுட் சில, ஹலோதேன் ஆவியைச் சுவாசித்ததும் தசை விறைத்து, உடல் கொதித்து இறந்தன. டான்ட்ரோலீன் என்னும் மருந்து அவற்றைக் காக்கவல்லதெனத் தென்னாபிரிக்க வைத்தியர் ஹரிசன் 1975இல் காட்டினார். இன்று மனிதரையும் அம்மருந்தே காக்கின்றது.

ஆகவே, ஆராய்ச்சிக்கூடத்திற் பன்றிக்கு மயக்கமூட்டுவோர் நான்கினை மறத்தலாகாது. முதலாவது, விலங்கை வெருட்டாது சாந்தப்படுத்தல். இந்நோய்க்கு இலக்கான பன்றியில் அச்சமுங்கூட அதனைத் தூண்டும். இரண்டாவது, பன்றியின் குரல்வளை ஒடுங்கியது, எளிதில் இறுகுவது. ஆதலின் சுவாசக் குழாயைப் பொறுமையுடன் செலுத்தல். மூன்றாவது, உடல் வெப்பத்தை இடைவிடாது அளத்தல். நான்காவது, மயக்கம் தெளியுமுன்னரே நோவகற்றும் மருந்தை ஈதல்.

வாயில்லாப் பிராணி நோவை எடுத்துரைக்க மாட்டாது. உணவை மறுத்து ஒதுங்கிக் கிடத்தலே அதன் முறையீடு. மனிதரைக் காக்க உதவிய உயிருக்கு நோவறச் செய்தல், நாம் செலுத்தவேண்டிய கைம்மாறாகும்.