ஸ்பிரிங்கை வெட்டும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்து, பழைய வீராவோ மைவியோ வாங்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் செய்வது இரண்டு காரியங்கள். பானட்டைத் திறந்தால் பளிச்சென்று தெரியும்படி ஒரு ஸ்ட்ரட் பார் போடுவார்கள். அடுத்து காரைத் தாழ்த்துவார்கள். கையில் காசு குறைவு என்றால் பட்டறையில் ஸ்பிரிங்கையே வெட்டிவிடுவதும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

வளைவில் கார் சொன்னபடி கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் வரிசை மாறினால் பணமும் போகும், முன்பைவிட மோசமான காரோடு மலையேற வேண்டியும் வரும்.

நம் ஊர்க் காரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. பிறகு வந்த சத்ரியா ஜிடிஐ காரின் பின்புறத்தில், ஹேண்ட்லிங்கை அமைத்தது லோட்டஸ் என்று சொல்லும் சிறு முத்திரை இருந்தது. அதற்கு அடிப்படை தெருவில் ஓடிய சாதாரண சத்ரியாதான். 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதோடு நிறுத்தாமல், ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். இந்த ஒத்துப்போவதைத்தான் பட்டறையில் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் போடும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

பேராக்கில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ இன்னமும் சுங்கை சிப்புட் பக்கமோ பத்து காஜா பக்கமோ தோட்டப் பகுதியில் இருக்கிறார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்மண் பாதையும், பழக்குலை லாரிகள் தோண்டிவிட்ட பள்ளங்களும் மட்டும் மாறவில்லை. மாதம் இரண்டு முறை அந்தப் பாதையில் போய்வரும் காரில் முதலில் சாவது லோவர் ஆர்ம் புஷ்தான். ரப்பர் வெடித்து, கம்பி போன்ற ஓர் இடைவெளி விழும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் சக்கரம் அந்த இடைவெளி அளவுக்குத் தன் விருப்பத்துக்கு நகரும். ஸ்டியரிங் ‘மிதப்பதாக’ ஓட்டுபவர் சொல்வது இதைத்தான். இந்த நிலையில் ஸ்ட்ரட் பார் போடுவது, ஆடும் மேசைக்குப் புது விரிப்பு போடுவது மாதிரி.

அதனால் முதலில் டயர். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மற்ற எதைப் பற்றியும் பேச வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகி மழைச் சாலையில் பிடிப்பை இழக்கும். சிம்பாங் பூலாய் சாலையில் கற்சுரங்க லாரிகள் சிந்தும் தூளும் மாலை மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அடுத்து அப்சோபர். காரின் மூலையை அழுத்திவிட்டால் ஒரு முறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. போர்மெனிடம் காரைத் தூக்கச் சொல்லி, புஷ்களையும் பால் ஜாயிண்டையும் கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பட்டறை பார்க்கலாம்.

இவ்வளவும் சரியான பிறகு ஸ்ட்ரட் பாருக்கு வேலை இருக்கிறது. வீரா, மைவி இரண்டிலும் முன் அப்சோபரின் மேல்முனை, எஞ்சின் அறையின் இருபுறமும் உள்ள டவர்களில் பொருந்துகிறது. வளைவில் அந்த டவர்கள் மிகச் சிறிதளவு வளைகின்றன. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் சக்கரத்தின் சாய்வு மாறாமல் நிற்கும், ஸ்டியரிங் கூர்மையாகும். பழைய உடல் கொண்ட காரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு பக்கம் பலமாக மோதினால் அதே கம்பி அடியை மறுபக்க டவருக்கும் கொண்டுபோகும்.

பின்புறம் கதை வேறு. மைவியின் பின் சக்கரங்களை இணைப்பது டோர்ஷன் பீம். வளைவின் பக்கவாட்டு விசையை அந்த பீமே தாங்குகிறது, அப்சோபரின் மேல்முனைக்கு அது அதிகம் போவதில்லை. அங்கே போடும் டவர் பார் பெரும்பாலும் அழகுக்குத்தான்.

கவனமாகத் தொட வேண்டியது ஸ்டெபிலைசர் பார். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடங்கில் ஏறும். 16 மில்லிமீட்டர் பாரை 18 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடும். முன்சக்கர இயக்கக் காரில் பின்புறப் பாரைத் தடித்ததாக்கினால், வளைவில் மூக்கு வெளியே தள்ளும் குணம் குறையும். அளவு மீறினால், மழையில் இறக்கத்தில் வளையும்போது பயந்துபோய் எண்ணெயிலிருந்து காலை எடுத்த கணமே பின்பக்கம் வழுக்கிச் சுழலும். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் அப்படி ஒரு சுழலுக்கு இடமே கிடையாது.

தாழ்த்துவது பற்றி. கொஞ்சம் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் இறங்கும், நல்லது. மிகவும் தாழ்த்தினால் லோவர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடும். கார் சாயும் மையம் அதைவிட வேகமாக இறங்கி, உடல் இன்னும் அதிகமாகச் சாய முற்படும். பள்ளத்தில் அப்சோபர் அடிமுட்டும். வெட்டிய ஸ்பிரிங்கோ, சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையில் தளர்ந்து நகரக்கூடும். ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. தாழ்த்தியே ஆக வேண்டுமானால், அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் அப்சோபரையும் சேர்த்தே வாங்குங்கள். தோட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் பாதையை நினைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

வெட்டி ஒட்டும் வேலையோ கூண்டுக் கம்பி வெல்டிங்கோ செய்ய நினைத்தால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றங்களைச் சொல்லி வையுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் தாமதம்.

புஷ், அப்சோபர், ஸ்பிரிங் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் மறுபடி செய்ய வேண்டும். முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டி, நேர் சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.