கடலுக்குள்ளே கரண்டு, கரையிலே யாருக்கு வேலை?



கரண்டு எங்கிருந்து வருது என்று நம்ம ஊர்ல சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் "நெய்வேலி" என்றுதான் சொல்லும். 1956-ல் நிறுவனம் ஆரம்பித்து, 1962-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் நம்ம கடலூர், புதுச்சேரி, காரைக்கால் கடலுக்கு அடியிலும் எரிசக்தி இருக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சில்வர் பீச்சுக்குப் பல தடவை போயிருக்கோம். அலையைப் பார்த்தோம், சுண்டல் சாப்பிட்டோம், வந்துட்டோம். எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. எங்க மாமா சொல்லித்தான் தெரியும்.

மாமா வடலூர் பக்கம் லேத்தும் வெல்டிங்கும் சேர்ந்த ஒரு பட்டறை வைத்திருக்கிறார். ரெண்டு ஆள் வேலை செய்றாங்க. அவரிடம் ஒருத்தர் வந்து, "இனிமே கடல்லதான் காற்றாலை வரப்போகுது, தூத்துக்குடி பக்கம் வேலை கொட்டிக் கிடக்கும், லோன் போட்டுப் பெரிய மெஷின் வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. அத்தைக்குப் பயம் மட்டும்தான். அதனால் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. நம்ம கடலில் பி.ஒய்.-3 என்று ஒரு எண்ணெய் வயல் இருக்கிறது. 1988-ல் ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்தது. 1997-ல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். கிணறுகள் கடலின் தரையிலேயே இருந்தன. எண்ணெய் குழாய் வழியாக மேலே மிதக்கிற ஒரு நிலையத்துக்கு வரும், அங்கிருந்து டேங்கர் கப்பலுக்குப் போகும். 2011 ஜூலையோடு உற்பத்தி நின்றுவிட்டது. எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று நினைக்காதீங்க. மிதவை நிலையத்துக்கும் டேங்கருக்கும் போட்டிருந்த ஒப்பந்தக் காலம் முடிந்துபோனதுதான் காரணம். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த வயல் மூடியே கிடந்தது.

இன்னொன்று பி.ஒய்.-1, இது எரிவாயு. 1980-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் வாயு கரைக்கு வந்தது 2009-ல். கடலுக்கடியில் குழாய் போட்டு, தரங்கம்பாடி பக்கத்தில் இருக்கிற பிள்ளைப்பெருமாள்நல்லூருக்குக் கொண்டு வந்தார்கள். கண்டுபிடித்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் 29 வருஷம்! எடுத்த பிறகும் எதிர்பார்த்த அளவு வாயு வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கடல் தொழிலில் முதல் சிக்கலே இந்தக் காத்திருப்புதான். பெரிய கம்பெனி 29 வருஷம் காத்திருக்கும். மாமா பட்டறையால் 29 நாள் காத்திருக்க முடியாது, கரண்டு பில் வந்துவிடும்.

இப்போது காற்றாலை. நம்ம மாநிலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கமெல்லாம் தரையில் காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால் பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேலே. கடலில் மலை, மரம், வீடு எதுவும் தடுக்காததால் காற்று இன்னும் வேகமாகவும் சீராகவும் வீசும். தமிழ்நாட்டுக் கடலில் சுமார் 35 ஆயிரம் மெகாவாட் எடுக்கலாம் என்று மத்திய அரசு கணக்குச் சொல்கிறது. பெரும்பாலும் மன்னார் வளைகுடா பக்கம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது: குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட். அதில் 600 கோடி ரெண்டு துறைமுகங்களைச் சரிசெய்ய.

துறைமுகம் எதுக்கு? கடல் காற்றாலையின் ஒரு இறக்கையே நூறு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதை லாரியில் ஏற்றி நம்ம விருத்தாசலம் ரோட்டில் கொண்டுபோக முடியுமா? முந்திரி மூட்டை லாரி திரும்புவதற்கே இங்கே பாடாக இருக்கு. அதனால் கப்பல் நிற்கிற இடத்திலேயே செய்து, அங்கேயே அடுக்கி, அப்படியே ஏற்ற வேண்டும். டென்மார்க்கில் எஸ்பியர் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகம், பிறகு எண்ணெய் வேலை, 2002-க்குப் பிறகு காற்றாலைத் துறைமுகம். படகு ரிப்பேர் செய்கிற பட்டறைக்கும் இப்படிப்பட்ட ஊரில் புது வேலை கிடைக்கும். பெயின்ட் அடிக்கிறவர், ஏணி செய்கிறவர், கயிறு விற்கிறவர், சாப்பாடு அனுப்புகிறவர் எல்லோரும் வேண்டும். கடலுக்குள்ளே பத்து நாள் தங்குகிறவருக்கும் குழம்பு வேண்டும்தானே!

ஆனால் படித்துக்கொண்டே வரும்போது ஒரு செய்தி கிடைத்தது. தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு இடம் குத்தகைக்கு விட 2024-ல் டெண்டர் விட்டார்கள். கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. 2025-ல் அந்த டெண்டரை ரத்து செய்துவிட்டார்கள். கடலில் செலவு ரொம்ப அதிகம், அந்த விலைக்குக் கரண்டை யார் வாங்குவது என்பதுதான் பிரச்சினை. இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைப் பண்ணைகூட வரவில்லை. டென்மார்க்கில் முதல் பண்ணையை 1991-ல் கட்டி, வயசாகிப்போய் 2017-ல் பிரித்தே விட்டார்கள். வந்தவர் இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை.

வேலை வந்தாலும் சுலபமாகக் கிடைத்துவிடாது. கடல் வேலைக்கு வெல்டர் என்றால் "சிக்ஸ் ஜி" பரீட்சை பாஸ் செய்திருக்கணும். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் வைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. நாமதான் படுத்தும் குனிந்தும் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். முடிந்ததும் அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள்! உள்ளே குமிழி அளவுக்கு மீறி இருந்தால் ஃபெயில்தான். (நம்ம கணக்குப் பரீட்சை பரவாயில்லை.) அப்புறம் உப்புத் தண்ணி. சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதனால் துத்தநாகக் கட்டியைச் சேர்த்துப் பொருத்துவார்கள். துத்தநாகம் முதலில் கரையும், இரும்பு தப்பிக்கும். இது வேதியியல் பாடத்தில் வரும், கவனியுங்கள்.

புயலைப் பற்றி நம்ம ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது எங்க தாத்தாவின் முந்திரி மரம் ஒன்றுகூட நிற்கவில்லையாம். கரையிலேயே அப்படி என்றால் கடல் நடுவில் நிற்பதை எவ்வளவு கெட்டியாகக் கட்டணும்?

மீனவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எண்ணெய் மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு எல்லை, படகு உள்ளே போகக் கூடாது. ஏற்கெனவே நம்ம பக்கம் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா வேறு. வெளிநாட்டில் மீன்பிடிப் படகுகளையே காவல் படகாக வாடகைக்கு எடுக்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாம். ஆனால் அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும் என்பது என் கருத்து. எல்லாம் கட்டி முடித்த பிறகு யார் கேட்பார்கள்?

கடைசியாக, மாமா சொன்ன விஷயம். முன்னே ஒரு கம்பெனிக்காகக் கைப்பிடிக் கம்பி செய்து கொடுத்தார். பணம் ஏழு மாசம் கழித்து வந்தது. அதற்குள் அத்தையின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. 2006-ல் வந்த சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கொடுக்கணும். இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றால் பதிவு செய்திருக்கணும். மாமா செய்யவில்லை. மத்திய அரசு நிறுவனங்கள் வாங்குவதில் 25 சதவீதம் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும், அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்துகிற தொழில்களிடம் என்றும் விதி இருக்கிறது. இதைப் படித்துக் காட்டினதும் அத்தை, "அப்போ பட்டறையை என் பேருக்கு மாத்துங்க" என்றார். மாமா சிரித்தார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

லோன் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. பட்டறையில் இருக்கிற அண்ணன் ஒருத்தர் சிக்ஸ் ஜி பரீட்சைக்குப் பழகுகிறார். போன சனிக்கிழமை பதிவு செய்ய கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம், நானும் கூடப் போனேன். என்ன தொழில் என்று கேட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். "வெல்டிங்னு மட்டும் போடுங்க மாமா, கடல் வரட்டும் பார்க்கலாம்" என்றேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குள்ளஞ்சாவடி