உங்களுக்குத் தெரியுமா? பாஸ்டன் செல்டிக்ஸ்: பச்சைச் சட்டைக்காரர்களின் கதைகள்

● அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி சொந்த ஊரில் தன் முதல் ஆட்டத்தை ஆடிய நாள் 1946 நவம்பர் 5. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது சக் கானர்ஸ் எறிந்த ஒரு பந்தில் கண்ணாடிப் பலகை சில்லுச் சில்லாகக் கொட்டிவிட்டது. மாற்றுப் பலகை வந்து பொருத்தும்வரை ரசிகர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்ததற்குப் பலனும் இல்லை. அன்று சிகாகோ அணியிடம் தோல்வி. கானர்ஸ் பிற்பாடு நடிகராகி, 1958-ல் தொடங்கிய ‘தி ரைஃபிள்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகனாக அமெரிக்கா முழுக்கப் புகழ்பெற்றார்.

● செல்டிக்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் கட்டம் கட்டமான மரத்தரை அழகுக்காகப் போட்டதல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு நல்ல நீளப்பலகை கிடைக்காத காலம் அது. கிடைத்த ஓக் மரத்துண்டுகளைச் சதுரம் சதுரமாக இணைத்துத் தரை போட்டார்கள். பந்து சரியாக எழும்பாத இடங்கள் அதில் உண்டு என்றும், அவை எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும் என்றும் எதிரணிகள் அரை நூற்றாண்டு காலம் புலம்பின. செல்டிக்ஸ் அந்தப் புலம்பலை மறுக்கவே அவசரப்படவில்லை!

● அணியைத் தொடங்கிய வால்டர் பிரவுன் உண்மையில் ஐஸ் ஹாக்கிக்காரர். அரங்கம் சும்மா கிடக்கும் இரவுகளை நிரப்பத்தான் கூடைப்பந்துக்கு வந்தார். ஆரம்ப ஆண்டுகள் அத்தனையும் நஷ்டம். வீட்டை அடமானம் வைத்து அணியைக் காப்பாற்றினார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் முதல் ஆல் ஸ்டார் (நட்சத்திர வீரர்கள்) ஆட்டத்தை 1951-ல் தன் பாஸ்டன் கார்டன் அரங்கிலேயே நடத்திக்காட்டியவரும் அவர்தான்.

● பாப் கூஸி, பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் நட்சத்திரம். ஆனால் 1950-ல் புது வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் அவரை எடுக்க மறுத்துவிட்டார். உள்ளூர்ப் பையன் என்பதற்காக எடுக்க முடியாது என்பது அவர் கட்சி. கூஸியை வாங்கிய சிகாகோ அணி ஆட்டம் தொடங்குமுன்பே மூடப்பட, அதன் மூன்று வீரர்களின் பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். அவர்களைப் பங்கிட வந்த மூன்று அணிகளுமே விரும்பாத சீட்டு ஒன்று பிரவுன் கைக்கு வந்தது. அது கூஸி! வேண்டாம் என்று சொன்ன அதே அவர்பாக்கின் அணியில், எட்டுப் பருவங்கள் தொடர்ந்து என்.பி.ஏ.யிலேயே அதிக ‘அசிஸ்ட்’ (தோழர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) கொடுத்தவர் அவர்.

● அதே 1950 டிராஃப்டில் இன்னொரு திருப்பம். சக் கூப்பர் என்ற கறுப்பின வீரரின் பெயரைச் செல்டிக்ஸ் அறிவித்தது. என்.பி.ஏ. அணி ஒன்று கறுப்பர் ஒருவரைத் தேர்வு செய்தது அதுவே முதல்முறை. ‘அவர் கறுப்பர் என்று தெரியாதா?’ என்று இன்னொரு அணிக்காரர் கேட்க, அவர் எந்த நிறமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்கிற பொருளில் பிரவுன் பதில் கொடுத்தார். வட கரோலினாவின் ராலே நகரில் ஓட்டல் கூப்பருக்கு அறை தர மறுத்தபோது, கூஸியும் தங்கவில்லை. இருவருமாக ராத்திரி ரயிலில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

● 1956. பில் ரசல் எப்படியும் வேண்டும் என்று அவர்பாக் துடித்தார். ஆனால் முதல் தேர்வு ராச்செஸ்டர் அணியிடம், இரண்டாவது செயின்ட் லூயிஸ் அணியிடம். ஐஸ் ஸ்கேட்டிங் கலைக்குழு ஒன்றில் பிரவுனுக்குப் பங்கு இருந்தது. ரசலை எடுக்காமல் விட்டால் அந்தக் குழுவை உங்கள் ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று ராச்செஸ்டர்காரரிடம் அவர் பேசி முடித்ததாக அவர்பாக் காலமெல்லாம் சொல்லிவந்தார். செயின்ட் லூயிஸுக்கு எட் மெக்காலே, கிளிஃப் ஹேகன் என்று இரண்டு வீரர்களைக் கொடுத்தார்கள். அந்த ஊர் மெக்காலேவின் சொந்த ஊர். மகனுக்கு உடம்பு சரியில்லாததால் அவரும் போகச் சம்மதித்தார். அந்த ஒரே டிராஃப்டில் ரசல், டாம் ஹைன்சன், கே.சி. ஜோன்ஸ் மூவரும் பாஸ்டனுக்கு வந்தார்கள். மூவருமே பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். இதைவிட லாபமான வியாபாரம் விளையாட்டில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

● ரசல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு, பருவம் பாதி நெருங்கும்போதுதான் வந்து சேர்ந்தார். அப்படியும் அந்த ஆண்டே கோப்பை. 13 பருவங்களில் 11 சாம்பியன் பட்டங்கள். அதில் 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக எட்டு. புள்ளி குவிப்பவர் அல்ல அவர். எதிராளியின் பந்தைத் தடுப்பார்; தடுத்த பந்தை அரங்கத்துக்கு வெளியே அறைந்து கைத்தட்டல் வாங்காமல், தன் ஆள் கைக்குப் போகும்படி தட்டிவிடுவார். அங்கிருந்தே செல்டிக்ஸின் தாக்குதல் கிளம்பும்.

இத்தனைக்கும் பாஸ்டன் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. கடைசி இடத்தில் கிடந்த ஹாக்கி அணிக்குக் கூடிய கூட்டம், வென்றுகொண்டே இருந்த செல்டிக்ஸுக்குக் கூடவில்லை. ரெடிங் என்ற புறநகரில் இருந்த ரசலின் வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இனவெறி வசை எழுதி, படுக்கையை மலத்தால் அசிங்கப்படுத்திவிட்டுப் போனார்கள். 1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஓட்டலின் காபிக் கடை கறுப்பின வீரர்களுக்குப் பரிமாற மறுத்தது; ரசலும் தோழர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தை ஆடாமலே ஊர் திரும்பினார்கள்.

1972-ல் அவருடைய 6-ஆம் எண் சட்டைக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தபோது, ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பே, பழைய தோழர்கள் மட்டும் சூழ அந்தச் சடங்கை முடித்துக்கொண்டார். அவர் விரும்பியது அப்படி. அதைக் கர்வம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குத் தீர்த்ததாகவே படுகிறது. 2022-ல் ரசல் காலமான பின், இனி எந்த என்.பி.ஏ. அணியிலும் 6-ஆம் எண் புதிதாக யாருக்கும் கிடையாது என்று அறிவித்தார்கள். அந்த மரியாதை முதன்முதலில் கிடைத்தது அவருக்குத்தான்.

● ஆரம்ப ஐவரும் கறுப்பின வீரர்களாக ஓர் என்.பி.ஏ. அணி களமிறங்கியது 1964 டிசம்பர் 26 அன்று. அணி செல்டிக்ஸ். அறிவிப்பு, ஆரவாரம் எதுவும் இல்லை; ஹைன்சனுக்குக் காயம், அவர்பாக் அடுத்த ஆளைப் போட்டார், அவ்வளவுதான்.

● வெற்றி உறுதி என்று தோன்றியதும், ஆட்டம் முடியக் காத்திராமல் பெஞ்சில் அமர்ந்தபடி சுருட்டைப் பற்றவைப்பது அவர்பாக்கின் வழக்கம். எதிரணிகளுக்குத் தோல்வியைவிட அந்தப் புகைதான் அதிகம் எரிந்தது. 1966 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் தோற்றவுடன், தனக்குப் பின் ரசல்தான் பயிற்சியாளர் என்று அறிவித்தார். வென்ற லேக்கர்ஸைப் பற்றி எழுதவேண்டிய பத்திரிகைகள் ரசலைப் பற்றி எழுதின. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் நவீன காலத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், அதுவும் ஆடிக்கொண்டே பயிற்சி கொடுத்தவர்! அணியின் சின்னமான, புகைக்குழாய் பிடிக்கும் குட்டிக் குள்ளனை வரைந்தது அவர்பாக்கின் தம்பி ஜாங்.

● 1964 ஆல் ஸ்டார் ஆட்டம். தொலைக்காட்சி நேரலை தயார். வீரர்களோ உடைமாற்றும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால்தான் ஆட்டம் என்றது வீரர் சங்கம். தலைவர் ஹைன்சன், அரங்கம் பாஸ்டன் கார்டன். தன் சொந்த வீரனே தன் வீட்டில் வேலைநிறுத்தம் செய்கிறானே என்று பிரவுன் கொதித்தார். லீக் தலைவர் வாக்குக் கொடுத்தபின்தான் பந்து எழும்பியது. அந்தச் சங்கத்தை 1954-ல் தொடங்கியவரும் ஒரு செல்டிக்ஸ்காரரே: நம் தொப்பிச் சீட்டுக் கூஸி.

● 1969 இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ். லேக்கர்ஸ் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் வெற்றி விழாவுக்காக ஆயிரக்கணக்கான பலூன்களை அரங்கத்தின் கூரையில் வலைகட்டித் தொங்கவிட்டிருந்தார். விழா நிகழ்ச்சிநிரல் அச்சடித்த துண்டுச்சீட்டு ரசல் கையில் சிக்கியது. செல்டிக்ஸ் 108, லேக்கர்ஸ் 106. செல்டிக்ஸின் டான் நெல்சன் எறிந்த ஒரு பந்து வளையத்தில் பட்டு மேலே எம்பி, யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. பலூன்கள் கடைசிவரை இறங்கவே இல்லை. ரசலின் கடைசி ஆட்டமும் அதுதான். இறுதித் தொடரின் சிறந்த வீரர் பரிசு தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. அப்படித் தோற்றவர் வாங்கிய பரிசு அந்த ஒன்றுதான்.

● 1978-ல் இரண்டு முதலாளிகள் அணிகளையே மாற்றிக்கொண்டார்கள். செல்டிக்ஸ் உரிமையாளர் இர்வ் லெவினுக்குக் கலிஃபோர்னியாவில் அணி வேண்டும். செல்டிக்ஸைப் பெயர்த்துப் போக லீக் விடாது. எனவே பஃபலோ அணியை வாங்கி சான் டியேகோ கொண்டுபோனார். இன்றைய கிளிப்பர்ஸ் அதுதான். மறுபக்கம் செல்டிக்ஸைப் பெற்ற ஜான் ஒய். பிரவுன், கென்டக்கி ஃபிரைடு சிக்கனில் பணம் பார்த்தவர். அவர்பாக்கைக் கேட்காமலே வீரர்களை வாங்கி விற்றார். வெறுத்துப்போன அவர்பாக் நியூயார்க் அணிக்கே தாவ இருந்தார்; போகவேண்டாம் என்று டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கெஞ்சியதாகச் சொல்வார். நல்லவேளை, பிரவுன் சீக்கிரமே அணியை விற்றுவிட்டு கென்டக்கி ஆளுநராகப் போய்விட்டார்.

● லாரி பேர்டு கல்லூரியில் இன்னும் ஓராண்டு ஆடுவார் என்று தெரிந்தே 1978-ல் ஆறாவது ஆளாக அவரைத் தேர்வு செய்து காத்திருந்தார் அவர்பாக். அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் 29 வெற்றி. வந்த பருவத்தில் 61.

● இதே பேர்டு, 1986-ல் நடந்த முதல் மூன்றுபுள்ளிப் போட்டிக்கு முன் உடைமாற்றும் அறையில் நுழைந்து, ‘இரண்டாம் இடம் யாருக்கு?’ என்று கேட்டார். ஜெயித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஜெயித்தார்.

● பாஸ்டன் கார்டனில் ஏசி இருந்ததில்லை. 1984 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தன்று உள்ளே வெப்பம் 97 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மூர் சித்திரைக்கு இது சாதாரணம். லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் ஆக்சிஜன் முகமூடி வைத்துக்கொண்டார். பேர்டு 34 புள்ளிகள் அடித்தார்.

● செல்டிக்ஸ் வீரர் ஜிம் லாஸ்கடாஃபின் 18-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்க அணி முன்வந்தபோது, வேண்டாம், வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்றார். எனவே கூரையில் எண்ணுக்குப் பதில் அவர் செல்லப்பெயர் ‘லாஸ்கி’ தொங்குகிறது. பின்னர் டேவ் கோவன்ஸ் அந்த எண்ணைப் போட்டு ஆடி, அவருக்காக 18-க்கு ஓய்வு கிடைத்தது. 2024-ல் செல்டிக்ஸ் வென்றதும் 18-ஆவது கோப்பை.

● வால்டர் பிரவுன் வீட்டை அடமானம் வைத்துக் காத்த அணியை, 2002-ல் ஒரு குழு 36 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-ல் அது கைமாறியபோது மதிப்பு 610 கோடி டாலர்.

● ஜீன் கான்லி 6 அடி 8 அங்குலம். 1957-ல் மில்வாக்கி அணியோடு பேஸ்பாலின் வேர்ல்டு சீரிஸ், 1959 முதல் 1961 வரை செல்டிக்ஸோடு மூன்று என்.பி.ஏ. பட்டம் என்று இரண்டிலும் ஜெயித்தவர். 1962-ல், பேஸ்பாலில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஆடியபோது, நியூயார்க் நெரிசலில் அணியின் பஸ் நின்றது. கழிப்பறைக்குப் போகிறேன் என்று தோழர் பம்ப்ஸி கிரீனோடு இறங்கியவர் திரும்பவில்லை. கிரீன் தனியே அணியோடு வந்து சேர்ந்துவிட்டார். கான்லி விமான நிலையத்துக்குப் போய் இஸ்ரேலுக்கு டிக்கெட் கேட்டார். பாஸ்போர்ட் இல்லாததால் ஏற்றவில்லை.