கல் குறைந்தால் கண் மங்கும்

“ஸ்கேன், ஸ்லைடு எல்லாவற்றையும் இனி ஏஐ பார்த்துக்கொள்ளுமாமே, என் மகளை எம்.டி. பேத்தாலஜியில் சேர்க்கலாமா, வேண்டாமா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய பீதிதான். கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தே ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-ல் சொன்னார் ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன். கெடு முடிந்து வெகுநாளாயிற்று. கதிரியக்க மருத்துவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது; ஜோசியத்துக்காக இல்லை.

மகளைத் தாராளமாகச் சேருங்கள். அங்கே அவர் கற்கப்போவது எதை என்பதுதான் சுவாரசியம்.

பேத்தாலஜி துறையில் இரட்டைத் தலை நுண்ணோக்கி இருக்கும். ஒரு பக்கம் பேராசிரியர், இன்னொரு பக்கம் பி.ஜி. மாணவி, இருவர் கண்ணுக்கும் ஒரே ஸ்லைடு. உட்கருக்கள் ஊதா, மற்றதெல்லாம் ரோஜா நிறம். “என்னம்மா இது?” என்பார் பேராசிரியர். மாணவி ஒன்று சொல்வார். “இல்லை” என்று அடுத்த ஸ்லைடு ஏறும். புற்றணுவின் உட்கரு பெருத்திருக்கும், வடிவம் கோணியிருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. வெறும் அழற்சியிலும் உட்கரு பெருக்கும் என்றும் அதே புத்தகம்தான் சொல்கிறது. வித்தியாசம் வார்த்தையில் பிடிபடாது. நூற்றுக்கணக்கில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்தால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இதற்குப் படிப்பறிவே வேண்டாம் என்றும் காட்டிவிட்டார்கள். 2015-ல் அமெரிக்காவில் புறாக்களுக்கு மார்பகத் திசுப் படங்களைக் காட்டி, சரியாகக் கொத்தினால் தீனி போட்டார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 85% சரி. பார்த்திராத படங்களிலும் சோடை போகவில்லை. ‘புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் புறா’ என்று செய்தி பறந்தது. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) தெரியும் கட்டிகளைக் காட்டியபோது புறாக்கள் படங்களை மனப்பாடம் செய்தன, புதுப் படம் வந்ததும் திணறின என்ற பாதி, தலைப்புகளில் ஏறவில்லை. மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுவது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல போலிருக்கிறது.

பழகிய கண் மங்கவும் செய்யும். ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு நாலு கல் கிடந்தால் ஒன்றும் தப்பாது. படிக்கு ஒரு கல் என்றால்? அதே பாட்டி, அதே கண்ணாடி. கல் சோற்றில்தான் அகப்படும். பாட்டிக்கு அசட்டை வந்துவிட்டது என்பாள் மருமகள். ஜெரமி வுல்ஃப் என்ற உளவியலாளரின் குழு 2005-ல் இதை அளந்தது. சாமான்கள் குவிந்து கிடக்கும் படங்களில் ஒரு கருவியைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது தவறவிட்டது 7%. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30%.

மூளை நமக்குத் தெரியாமல் இரண்டு கணக்குகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் தேடிவிட்டுக் கைவிடலாம் என்பது ஒன்று. எவ்வளவு சந்தேகம் வந்தால் ‘இருக்கிறது’ என்று சொல்லலாம் என்பது மற்றது. ‘இல்லை’ என்ற பதில் மறுபடி மறுபடி சரியாகவே வரும்போது தேடும் நேரம் சுருங்குகிறது, ‘இருக்கிறது’ என்று சொல்லும் துணிவும் குறைகிறது. அசட்டைக்கு இதில் வேலையே இல்லை. மருத்துவர்களும் விலக்கல்ல. 2013-ல் வெளியான ஆய்வில், புற்றுநோய் உள்ள மேமோகிராம்களை அன்றாடப் படக் குவியலுக்குள் செருகி வைத்தார்கள், 30% தப்பின. அதே படங்கள் சரிபாதியாகக் கலந்த சோதனையில் தப்பியது 12%.

பயிற்சியின் சிக்கல் இங்கேதான். பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் படிக்கும் பி.ஜி.க்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. பிறகு அவர் பரிசோதனை முகாமில் உட்காரலாம். மேலை நாட்டு மார்பகப் பரிசோதனைத் திட்டங்களிலேயே ஆயிரம் பெண்களில் நாலைந்து பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். படித்தது ரேஷன் அரிசியில், உத்தியோகம் பொன்னியில். வுல்ஃப் குழு கண்ட பரிகாரம் எளிது: இடையிடையே சிறிது நேரம் கல் மிகுந்த அரிசியைக் கொடுத்து, விடையை உடனே சொல்வது. அதன்பின் அரிதானதைத் தேடும்போதும் தவறுகள் குறைந்தன. ஆய்வகத்தில்தான், என்றாலும் செலவில்லாத வைத்தியம்.

நம் நாட்டில் புற்றுநோய்ப் படிப்பின் வரலாறும் ஒரு பத்தி. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் தொடங்கியது; புற்றுநோய்க்கென டி.எம்., எம்.சிஎச். படிப்புகளை 1984-ல் நாட்டிலேயே முதலில் தொடங்கியதும் அங்கேதான். எம்.பி.பி.எஸ்.சில் இன்றும் புற்றுநோயியல் தனிப் பாடமில்லை. அறுவை சிகிச்சையில் கொஞ்சம், மகப்பேற்றில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது.

இனி ஏஐ, அதாவது அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்கும் சார்ட்டெக்ஸ் மிஷின். ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது: ஏஐ துணையால் மேமோகிராம் படிக்கும் வேலை 44% குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. போலந்திலிருந்து 2025-ல் வந்தது வேறு கதை. பெருங்குடல் எண்டோஸ்கோப்பியில் ஏஐ-யைப் பயன்படுத்தத் தொடங்கிய பின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் மருத்துவர்கள் அடினோமா (புற்றாக மாறக்கூடிய கட்டி) கண்ட விகிதம் 28%-லிருந்து 22% ஆக இறங்கிவிட்டது. ‘ஏஐ டாக்டர்களை மழுங்கடிக்கிறது’ என்று உடனே கூக்குரல். நாலே மையங்கள், முன்-பின் ஒப்பீடு மட்டுமே. வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் மிஷின் வந்த வீட்டில் முறம் பரணுக்குப் போவது நடக்கக்கூடியதே. (உவமையை இத்தோடு விடுகிறேன், பல் உடைவதற்குள்.)

வாசகிக்கு ஒரு வார்த்தை. மகளுக்குக் கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தையும் ஏஐ மென்பொருளையும் விடுங்கள். பி.ஜி. மாணவர்கள் ஸ்லைடைத் தாங்களே பார்த்து, தங்கள் முடிவை முதலில் எழுதுகிறார்களா? இறுதி அறிக்கை அவர்களிடம் திரும்பி வருகிறதா? ஏஐ இருந்தால், அவர்கள் எழுதிய பிறகுதான் அதைத் திறக்கிறார்களா? மூன்றையும் அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள், அலுவலகத்தில் வேண்டாம்.