முயல் சாப்பிடாத 12 மணி நேரம்

நாய் ஒரு வேளைச் சோற்றைத் தொடாவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். முயலிடம் அந்த அவகாசம் கிடையாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு முயல் கிடந்தால், அதை உயிருக்கு ஆபத்தான நிலையாகவே கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் முயல் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. காலை 6 மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க விடியுமுன்பே கிளம்புகிறவர், ஓவர்டைம் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது அந்த 12 மணி நேரம் கழிந்தே போயிருக்கும். முயல் கடைசியாக எப்போது தின்றது என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது.

படப்பை, மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று இந்தத் தடத்தில் வாடகை அறைகள் பெருகியிருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருக்கும் இளைஞருக்கு முயல் வசதியான துணை. குரைக்காது, வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தராது, சின்ன இடம் போதும் என்றுதான் வாங்குகிறார்கள். சத்தமே போடாத அந்தக் குணம் நோய் வரும்போது எதிராகத் திரும்பிவிடுகிறது. கழுகுக்கும் நரிக்கும் பயந்தே வாழ்ந்த இனம் என்பதால் முயல் வலியை வெளியே காட்டாது. மூலையில் முடங்கி உட்கார்ந்திருப்பதைத் தூக்கம் என்று நினைத்து நாம் விளக்கை அணைத்துவிடுவோம்.

ஏன் இத்தனை அவசரம் என்பது அதன் குடலைப் புரிந்துகொண்டால் விளங்கும். புல்லைச் செரிக்க மாட்டுக்கு முன்வயிறு இருக்கிறது. முயல் அந்த வேலையைப் பின்குடலில் செய்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் குருட்டுக்குடல், நமக்கு இருப்பதைப் போலச் சிறியதல்ல. செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்குள் அடங்குகிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அங்கே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. பெருங்குடல் ஒரு பிரிப்பு வேலையையும் செய்கிறது. கரடுமுரடான நாரை வெளியே தள்ளி உருண்டைப் புழுக்கையாக்குகிறது. நுண்ணிய துகள்களைக் குருட்டுக்குடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே புளித்தது மென்மையான, பளபளப்பான கொத்தாக வெளியே வரும்போது முயல் குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். புரதமும் பி வகை வைட்டமின்களும் நிறைந்த இந்தக் கொத்தைத் தின்பதைப் பார்த்து முகம் சுளித்து, தடுக்க முயல்கிறவர்கள் உண்டு. தடுக்கக் கூடாது. அது முயலின் இன்னொரு வேளைச் சாப்பாடு.

இவ்வளவு வேலையும் நடக்கக் குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அந்த அசைவைத் தூண்டுவது செரிக்காத நார். நார் வருவது நின்றால் அசைவு மந்தமாகிறது. மந்தமான குடலில் உள்ளிருப்பதன் ஈரம் உறிஞ்சப்பட்டு இறுகுகிறது, வாயு சேர்கிறது, வலிக்கிறது. வலியால் முயல் சாப்பிடுவதில்லை. சாப்பிடாததால் குடல் மேலும் மந்தமாகிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் சிக்கியது வெளியேற வேறு வழியில்லை. பட்டினி நீளும்போது உடல் தன் கொழுப்பை உடைத்து எரிக்கத் தொடங்கி, அது கல்லீரலில் போய்ப் படிகிறது. குண்டு முயலுக்கு இந்த ஆபத்து அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்புகூட முயலைப் பட்டினி போட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வயிற்றில் முடி உருண்டை அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று பல காலம் நம்பினார்கள். முயல் தன்னையே நக்கிச் சுத்தம் செய்வதால் எல்லா முயலின் வயிற்றிலும் முடி இருக்கும். குடல் ஓடிக்கொண்டிருந்தால் அது தானாக வெளியேறிவிடும். புழுக்கைகள் மணி கோத்ததுபோல் முடியில் தொங்கிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான முயல்களில் குடல் மந்தமான பிறகே முடி திரள்கிறது. அன்னாசிச் சாறு முடியைக் கரைக்கும் என்பதும் இந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான். அது கரைக்காது. அதிலுள்ள சர்க்கரை நுண்ணுயிரிச் சமநிலையைக் கெடுக்க மட்டுமே உதவும். முடி உருண்டை உண்மையிலேயே சிறுகுடலை அடைத்துவிடுவதும் நடக்கிறது. அது குறைவாக நேர்ந்தாலும் மிகக் கொடியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முயல் தீனியை மறுப்பதற்கான காரணங்களில் முதலாவது வெயில். முயலுக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். நம்மைப்போல் அதற்கு வியர்க்காது. பெரிய காதுகளின் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடல் சூட்டைப் பெருமளவு வெளியேற்றுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்க்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் குளிரும் பனியும் உள்ள இடம் அது. அதே இனங்களை இங்கே சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, ஜன்னல் சாத்திய அறையில், அக்னி நட்சத்திரத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். சூட்டில் தவிக்கும் முயல் முதலில் கைவிடுவது தீனியை. ஆகவே கோடையில் முயல் சாப்பிடவில்லை என்றால் வயிற்றைப் பார்க்கும்போதே கூரையையும் பார்க்க வேண்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது, தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுவது, காதுகளை ஈரக் கையால் தடவுவது எல்லாம் பலன் தரும். முயலைத் தண்ணீரில் முக்குவது கூடாது. அந்த அதிர்ச்சியே கொன்றுவிடக்கூடும்.

அடுத்த காரணம் தீனி. முயல் என்றால் கேரட் என்று கார்ட்டூன்கள் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்தில் ஓரிரு துண்டு போதும். கேண்டீனில் மிஞ்சிய சோறு, பிஸ்கட், பொரி, பிரெட் எதுவும் முயலுக்கு உணவல்ல. தின்பதில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. மாடு வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும் கம்பு நேப்பியரும் ஆகும். ஏரிக்கரைகள் இன்னும் மிஞ்சியிருக்கும் பகுதி இது. லாரிப் புகை படியும் சாலையோரத்தையும் மருந்தடித்த வயல் வரப்பையும் தவிர்த்துவிட்டு, அங்கே அறுத்துக் கழுவிப் போடலாம். குதிரைமசாலில் கால்சியம் அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்கு அதுவே முழு உணவாகக் கூடாது. வைக்கோலில் சத்து இல்லை, படுக்கைக்குப் போடலாம்.

புல் இல்லாவிட்டால் பல்லும் கெடும். முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாத கடைவாய்ப்பல் கூர்முனையாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். இப்படிப்பட்ட முயல் பசியோடு தீனித் தட்டுக்கு வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். முகவாய் எச்சிலில் நனைந்திருக்கும். இதைக் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வலியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் முயலின் முகத்திலிருந்தே வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். கண் பாதி மூடி இடுங்கும். கன்னம் தட்டையாகும். மூக்குத் துளையின் வடிவம் கூர்மையாக மாறும். மீசை விறைக்கும். காது இறுகி மடிந்து பின்னால் போகும். இந்த ஐந்தையும் தன் முயல் நலமாக இருக்கும்போதே பார்த்துப் பழகியவர், அது நோவில் இருக்கும்போது ஒரு பார்வையில் கண்டுகொள்வார். பல்லை நறநறவெனக் கடிப்பதும், வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பதும், படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் மாறி மாறி உட்காருவதும் வலியின் குறிகளே.

சரி, வேலையிலிருந்து வந்து பார்க்கிறீர்கள். தட்டில் வைத்த புல் அப்படியே கிடக்கிறது, புழுக்கை இல்லை. முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காதுகள் ஜில்லென்று, உடலும் துவண்டிருந்தால் உடல் குளிர்ந்துவிட்டது என்று பொருள். குளிர்ந்த முயலைக் கண்டு மருத்துவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட முயல்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்க்கும்போது இருந்த வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையக் குறைய இறப்பதற்கான வாய்ப்பு இரு மடங்கானது. துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்து உடனே கிளம்ப வேண்டும். சூட்டில் தவிக்கும் முயலைக் குளிர்விக்க வேண்டும், குளிர்ந்துபோன முயலைச் சூடேற்ற வேண்டும். எது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது.

அடுத்து வயிறு. மெதுவாகத் தொட்டால் இளகி இருக்கிறதா, காற்றடைத்ததுபோல் உப்பி இறுகி இருக்கிறதா? சில மணி நேரம் முன்புவரை துள்ளிய முயல் திடீரென்று சுருண்டு, வயிறும் உப்பியிருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். நான் முன்பு சொன்ன கொடியது இதுதான். இந்த நிலையில் வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. குடலை ஓட்டும் மருந்தும் ஆபத்தாகும். வெறும் மந்தமா, அடைப்பா என்பதை எக்ஸ்ரே காட்டும். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் போன்ற கருவியும் மருத்துவர் கையில் துணை செய்கிறது. பிரிட்டனின் முயல் மருத்துவர் பிரான்சஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அடைப்புள்ள முயல்களின் ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. 100 மில்லிக்கு 360 மில்லிகிராமைத் தாண்டினால் நிலைமை மோசம் என்று பொருள். சாதாரண மந்தத்தில் அவ்வளவு ஏறுவதில்லை.

வயிறு இளகி, உடல் சூடாக, முயல் விழிப்போடு இருந்தால் சற்று நம்பிக்கையோடு புறப்படலாம். மருத்துவர் முதலில் செய்வது நீரேற்றுவதும் வலியைக் குறைப்பதும். வலி குறைந்தாலே பல முயல்கள் தானாகப் புல்லை முகரத் தொடங்கும். அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு கரைத்த உணவைச் சிரிஞ்சில் ஊட்டச் சொல்வார். முயல் தீனி குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்து மசித்துக்கொள்ளலாம். முயலை நிமிர்ந்த நிலையில் துண்டில் சுற்றிப் பிடித்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை நுழைத்து, ஒரு வாய்க்கு ஒரு மில்லி அளவில், அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். விளக்கெண்ணெய் ஊற்றுவதிலும் அதே ஆபத்து.

மெடிக்கல் ஷாப் மருந்துகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குச் சாதாரணமாகத் தரும் அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிரிகள் செத்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, முயல் இறந்துபோகலாம். கிளிண்டாமைசின், லின்கோமைசினும் அப்படியே. நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். அக்கறையோடு கொடுத்த மருந்தால் முயல் சாவதைப்போல மனதை அறுப்பது வேறில்லை. எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எங்கே போவது? தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு இவை ஏரிப் பாசன ஊர்களாக இருந்தன. இங்குள்ள அரசு கால்நடை மருந்தகங்கள் மாடுகளுக்காகவும் ஆடுகளுக்காகவும் அமைந்தவை. முயலை அவர்களிடம் கொண்டுபோகலாம். முதலுதவியாக நீரேற்றவும் வலி மருந்து போடவும் அவர்களால் முடியும். கால்நடைத் துறையின் 1962 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எக்ஸ்ரேயும் அறுவையும் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையம் இன்னும் பக்கம். தீவனம், வளர்ப்பு பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம். முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை முயல் நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு 10 மணி ஷிப்ட் முடிந்து வந்து தேடினால் கிடைக்காது.

ஷிப்ட் வாழ்க்கைக்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. பல அறைகளில் வெவ்வேறு ஷிப்டில் இருவர் மூவர் தங்கியிருக்கிறார்கள். ஆலையில் ஒருவர் இன்னொருவருக்கு வேலையை ஒப்படைப்பதைப்போலவே முயலையும் ஒப்படைக்கலாம். அறையின் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, கடைசியாகப் புல் தின்ற நேரம், புழுக்கை போட்டதா, தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று வெளியே போகிறவர் எழுதிவிட்டுப் போகட்டும். நல்ல முயல் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 100 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். மூன்று வரி போதும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லும்.

பிழைத்த முயல் முதலில் போடும் புழுக்கை சிறிதாக, கோணலாக, வறண்டு இருக்கும். ஓரிரு நாளில் உருண்டு பெரிதாக வேண்டும். அதுவரை சிரிஞ்ச் ஊட்டலையும் வலி மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. புல் கடிக்கத் தொடங்கிவிட்டதே என்று பாதியில் விட்டவர்கள் அதே வாரம் திரும்பவும் ஓடிவர நேர்கிறது. இரண்டு முயல்கள் சேர்ந்து வளர்ந்திருந்தால் சிகிச்சைக்கு இரண்டையும் கூட்டிப் போவது நல்லது. துணையைப் பிரித்தால் நோயுள்ளது மேலும் சுணங்கும், வீட்டில் விடப்பட்ட முயலும் தீனியை மறுக்கும். மறுபடியும் மறுபடியும் இதே தொல்லை வந்தால் குடலுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப்பற்களைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தட்டில் புல் எவ்வளவு, குச்சித் தீனி எவ்வளவு என்று பாருங்கள். மதியம் 2 மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே வெப்பமானி என்ன காட்டுகிறது என்றும் ஒரு நாள் பாருங்கள்.