"நைஸ்" வந்த வழி

ஆங்கிலக் கட்டுரை நோட்டில் நாங்கள் அதிகம் எழுதும் சொல் "நைஸ்". கடற்கரை நைஸ், மழை நைஸ், பலகாரம் நைஸ். சென்ற பருவத்தில் எங்களில் ஒருத்தி, காலமான தன் பாட்டியைப் பற்றி "வெரி நைஸ்" என்று எழுதினாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, வேறு சொல் தேடச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்காகத் தேடப் புறப்பட்ட நாங்கள், இச்சொல்லின் பூர்வீகத்தையே தேடிவிட்டோம்.

இதன் வேர் இலத்தீன். "நே" என்றால் இல்லை. "ஸ்கீரே" என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த "நேஸ்கியுஸ்" என்பதற்கு அறியாதவன் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக, சுமார் 1300-இல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது மூடன் என்றே பொருள்பட்டது! "சயன்ஸ்" என்ற சொல்லுக்கும் அதே "ஸ்கீரே"தான் தாய் என்பது வேடிக்கை.

பின்னர் கூச்சம், அளவு மீறிய ஆசாரம், நுணுக்கம் என்றெல்லாம் பொருள் மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் "இனிய" என்பது வேரூன்றியது. விரைவிலேயே தொட்டதற்கெல்லாம் "நைஸ்" என்றாகிவிட்டது. ஜேன் ஆஸ்டின் மறைந்தபின், 1817 இறுதியில் வெளிவந்த "நார்தாங்கர் அபி" நாவலில் ஒரு பாத்திரம் இவ்வழக்கத்தைக் கேலி செய்கிறது. எங்கள் ஆசிரியைக்கு அவர் முன்னோடி போலும்!

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களிடம் இவ்வெழுத்துக்களைக் காட்டினால் "நீஸ்" என்று வாசிப்பார்கள். அது தென்பிரான்சு நகரம். வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். மூடனுக்கும் அதற்கும் உறவில்லை.

நம் வீட்டு நைஸோ தனிக்கதை. "உளுந்தை நைஸாக அரை" என்றால் இனிமையாக அரை என்றா பொருள்? பழைய நுணுக்கத்தைத்தான் அது நினைவூட்டுகிறது. வேலை வரும்போது "நைஸாக" நழுவும் அக்காமார்களையும் நாம் அறிவோம்! தமிழில் "நாற்றம்" எதிர்த்திசையில் சென்றது. முன்பு பூவின் நறுமணத்துக்கும் அச்சொல் வழங்கிற்று. இன்றோ அதைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம்.

தோழி கட்டுரையைத் திருத்தி எழுதினாள். "நைஸ்" இருந்த இடத்தில், ரொட்டியைக் காப்பியில் நனைத்து, சூடு ஆறும்வரை ஊதி, முதல் துண்டைப் பாட்டி தனக்கே கொடுப்பார் என்று எழுதியிருந்தாள். இம்முறை ஆசிரியை ஒன்றையும் அடிக்கவில்லை.